ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, அஞ்சு

"என் மூக்கையே பாருங்க. கையைப் பார்க்கக் கூடாது. எத்தனை விரல்னு மட்டும் சொல்லுங்க."

இதை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் டெக்னீசியனாகப் பல வருடம் வேலை பார்த்தேன். டாக்டரிடம் போவதற்கு முன் நோயாளி என்னிடம்தான் வர வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளைப் படிக்க வைப்பது, கண்ணாடிப் பவர் பார்ப்பது, கண்ணுக்குள் இருக்கும் பிரஷரை அளப்பது, பக்கப் பார்வையைச் சோதிப்பது எல்லாம் என் வேலை. கிராமத்து ஆட்கள் என்னைச் 'சின்ன டாக்டரம்மா' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒரு நாளும் திருத்தியதில்லை. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திமிர் செய்த காரியத்தைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் புருஷனைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நேர்ப்பார்வை மங்கினால் மனிதர்கள் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிடுவார்கள். பேப்பர் படிக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பஸ் நம்பர் தெரியவில்லை என்று ஆயிரம் புகார் சொல்வார்கள். பக்கப் பார்வை போனால் அப்படி இல்லை. போனவருக்கே தெரியாது. கறுப்பாக மறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மறைக்காது. அந்த இடத்தில் உலகமே இல்லாத மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இல்லாததை யார் தேடுவார்கள்?

அதைக் கண்டுபிடிக்க விரலே போதும். நோயாளியும் நானும் எதிரெதிரே முட்டி இடிக்கிற மாதிரி ஸ்டூலில் உட்காருவோம். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். நான் என் வலது கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு பேருக்கும் நடுவில், ஓரத்தில் கையை நீட்டி விரல் காட்டுவேன். எனக்கு ஓரத்தில் தெரிகிற விரல் அவருக்கும் தெரிய வேண்டும். மேலே இரண்டு மூலை, கீழே இரண்டு மூலை. பிறகு மறு கண். இதில் என் கண்தான் அளவுகோல். மூன்று விரலும் நான்கு விரலும் ஓரத்தில் குழம்பும் என்பதால் ஒன்று, இரண்டு, ஐந்து மட்டும்தான் காட்டுவோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். "விரல் காட்டறப்ப உன் கையைப் பார்க்காத. பேஷண்ட் கண்ணைப் பாரு. அது திருட்டுத்தனமா ஓரத்துக்கு ஓடும். இன்னொண்ணு, ஒரே வரிசையில காட்டாத. நடுநடுவுல ஒண்ணுமே காட்டாம சும்மா இரு. பேஷண்ட் உன்னைவிட புத்திசாலி."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஈடு யாரும் கிடையாது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொளவாய் ஏரிப் பக்கம் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். அவர் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். கடற்கரைக் கோயிலைக் காட்டிவிட்டு, அப்படியே திருக்கழுக்குன்றம் மலைக்கும் கூட்டிப் போய்க் காட்டுவார். கோயில் சோற்றைத் தின்ன மத்தியானம் வருகிற கழுகு வந்தாலும் வராவிட்டாலும், "இப்பத்தான் சாப்ட்டுட்டுப் போச்சு சார்" என்று கூசாமல் சொல்கிற ஆள். என்னைவிட எட்டு வயது பெரியவர். சண்டை போட ஆசைப்பட்டாலும் விட மாட்டார், சிரிக்க வைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் படித்ததை வீட்டில் பழக எனக்கு ஒரு ஆள் வேண்டும். அவர்தான் கிடைத்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் காபியைக் கையில் கொடுத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவேன். நான் டிரங்குப் பெட்டி மேல் உட்காருவேன்.

"மூக்கையே பாருங்க."

"மூக்குல இன்னாமே கீது பார்க்கறதுக்கு? ஒரு மூக்குத்திகூட இல்ல."

"பேசக் கூடாது. எத்தனை?"

"ரெண்டு."

ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. என் கைக்கு அந்த வரிசைதான் படிந்தது. மேலே வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ஒண்ணு, கீழே வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் அஞ்சு. அக்கா சொன்னது நினைவில்லாமல் இல்லை. மாற்றிக் காட்டினால் எந்த மூலை முடிந்தது, எது பாக்கி என்று எனக்குத்தான் குழம்பிற்று. வரிசை இருந்தால் கை தானாக ஓடும். ஒரு வாரத்தில் அவருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. பிறகு அதுவே எங்கள் இருவருக்குள் ஒரு வேடிக்கையாகிப்போனது. நான் கோபத்தில் பாத்திரத்தை நங்கென்று வைத்தால் உள்ளேயிருந்து, "ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, அஞ்சு" என்று ராகம் போடுவார். எவ்வளவு கோபமிருந்தாலும் சிரிப்பு வந்துவிடும். அந்த வருடத் தீபாவளிக்கு ஒரு கல் வைத்த மூக்குத்தி வாங்கி வந்தார். "இனிமே பார்க்கறதுக்கு ஒண்ணு கீது" என்றார். அந்த மூக்குத்தியைத்தான் இன்றைக்கும் போட்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளை ஏற்றி இறக்க வேன் டிரைவர்களைத் தேடினார்கள். சீசனுக்கு ஓட்டி, சீசன் இல்லாதபோது சும்மா உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது பெரிய காரியம். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். வேன் கம்பெனிக்காரர்கள் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார்கள். கண் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறம், பக்கப் பார்வை. நான்கு கட்டம்.

"நம்ம ஆஸ்பத்திரிதானே, வாங்க" என்றேன். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டாஃப் வீட்டு ஆட்கள் டோக்கன் எடுக்க மாட்டார்கள். பெஞ்சில் உட்கார மாட்டார்கள். டீ நேரத்தில் நேரே உள்ளே வருவார்கள். அட்டை கிடையாது, ஃபைல் கிடையாது, பிரஷர் பார்ப்பது கிடையாது, சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்ப்பது கிடையாது. ஸ்டாஃபே பார்த்து எழுதிக் கொடுத்தால், இரண்டு நோயாளிக்கு நடுவில் டாக்டர் நம்பிக் கையெழுத்துப் போடுவார். அது எங்களுக்கு ஒரு கௌரவம். வெயிலில் பஸ் ஏறி வந்து பெஞ்சில் காத்துக்கிடந்தவர்களுக்கு எல்லாச் சோதனையும் ஒழுங்காக நடந்தது. எங்கள் வீட்டு ஆட்களுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடைசி வரி எழுத்தைக்கூடக் கடகடவென்று படித்தார். நிறப் புத்தகத்தில் ஒரு எண்கூடத் தப்பவில்லை. கிட்டப் பார்வைக்கு மட்டும் சின்னப் பவர் தேவைப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் டீ மேஜையில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

வலது கண். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. சரி.

இடது கண். ரெண்டு. ஒண்ணு. ரெண்டு. அப்போது வாசலிலிருந்து ஆயா கூப்பிட்டார். "சிஸ்டர், ஆபரேஷன் கேஸுக்குச் சொட்டு வுடணும்." திரும்பி, "இதோ வரேன்" என்றேன். என் கை மடியில் கிடந்தது.

"அஞ்சு" என்றார் அவர்.

தயக்கமில்லாமல், நிதானமாகச் சொன்னார். நான் மெல்லத் திரும்பினேன். சொன்ன சொல் தட்டாத பிள்ளை மாதிரி என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடியில் கிடந்த கையைப் பார்த்தேன்.

புரியவில்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கையை மாற்றி மாற்றிக் காட்டியிருப்பேன், சந்தேகம் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன், கையைப் பிடித்துக்கொண்டு போய் டாக்டர் அறையில் விட்டிருப்பேன். இவரை? டோக்கன் போட்டுப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். என் புருஷனுக்குக் கண்ணில் கோளாறு என்று கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும், அது போய்விடும். வெளியே முப்பது பேர் வேறு காத்திருக்கிறார்கள். காரணம் தேடினால் இவைதான் அகப்படுகின்றன. இவற்றில் ஒன்றைக்கூட ஒரு மனிதரிடம் எடுத்துச் சொல்ல வாய் வராது.

சிரித்தேன். "போதும் போதும், டீ ஆறுது" என்றேன். நான்காவது கட்டத்தில் 'நார்மல்' என்று எழுதினேன். டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். சும்மா விளையாடுகிறார், பழைய பாட்டைப் பாடுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் நான் செய்ததுதான் இன்னும் கேவலம்.

அவர் இடிக்க ஆரம்பித்தார். கதவு நிலையில் தோள் இடிக்கும். தரையில் வைத்த தண்ணீர்ச் சொம்பைக் காலால் தட்டிவிடுவார். நான்கு பேர் நடுவில் நடந்தால் யார் மேலாவது மோதுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் கிளிஞ்சல் மாலை விற்கிற அம்மாவின் விரிப்பு மேல் அப்படியே நடந்துவிட்டார். காலடியில் எல்லாம் நொறுங்கிற்று. அந்த அம்மா விட்ட வசவைக் கேட்டுக் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. "எங்க பார்த்துகினு வர? பட்டப்பகல்லயே ஏத்திகினியா?"

எனக்குச் சுருக்கென்றது. டூரிஸ்ட் வேன் ஓட்டிய காலத்தில் அவருக்கு எப்போதாவது குடிக்கிற பழக்கம் இருந்தது. மகள் பிறந்ததும் என் மேல் சத்தியம் செய்து விட்டுவிட்டார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். கண் டெக்னீசியன் நான்! இடிக்கிறார், தடுக்குகிறார், ஓரத்தில் வைத்தது தெரியவில்லை. பெஞ்சில் இருக்கும் ஒரு பாட்டி இப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண் என்று ஒப்புக்கொண்டால், மடியில் கிடந்த என் கையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குடி என்றால் குற்றம் முழுக்க அவருடையது. எனக்கு அது வசதியாக இருந்தது.

தினமும் அவர் வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே நிறுத்துவேன். "ஊதுங்க" என்பேன். வாயைத் திறந்து ஊதுவார். ஏலக்காய் டீ வாசனைதான் வரும். அப்போதும் விட மாட்டேன். "பாக்கு போட்டு மறைச்சீங்களா?" என்பேன். மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

திருக்கழுக்குன்றத்தில் என் அக்கா மகள் சடங்குக்குப் போயிருந்தோம். பந்தியில் பாயச வாளியோடு வந்த என் தங்கை புருஷன் மேல் இவர் மோதிவிட்டார். வாளி கவிழ்ந்து இலைகளிலெல்லாம் பாயசம் ஓடியது. பந்தியே எழுந்து நின்றது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே வந்தேன். "எங்க வூட்டு மனுஷங்க முன்னாடி என் மானத்த வாங்கறதுக்குன்னே வந்தீங்களா?" என்று கத்தினேன். செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர் சட்டையில் சேமியா ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நின்றார். ஏன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஒரு காலை நேரம், ஆஸ்பத்திரிக்கு போன் வந்தது. திருப்போரூர் தாண்டி, சிறுசேரிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வழியில், மொபெட்டில் போன ஒரு பெண்ணை இவருடைய வேன் இடித்துவிட்டது. வேனில் இருந்த யாருக்கும் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மொபெட் ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் கூட்டம். நடுவில் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதலில் கேட்டது இதுதான்:

"குடிச்சிட்டு வண்டி எடுத்தியா?"

பத்து வருடக் குடித்தனத்தில் நான் அவரை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். அதுவும் ஊர்க்கூட்டத்தின் முன்னால். பெண்டாட்டியே சொல்லிவிட்டாள், இனி என்ன? இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவன் வாயை முகர்ந்து பார்த்தான். "நாத்தமே இல்லியே அண்ணாத்த" என்று மற்றவனிடம் சொன்னான்.

அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் வண்டியே இல்லமே. சத்தியமா இல்ல. இருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா?" என்றார்.

அப்போதுதான், அத்தனை பேர் நடுவில், மடியில் கிடந்த என் கை எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் டோக்கன் எடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அட்டை போட்டோம். பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் சொட்டு விட்டு உள்ளே பார்த்தார். அவர் ஒரு பெண், அதிகம் பேசாதவர். "ஃபீல்டு எடுங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் பக்கப் பார்வையை அளக்கிற அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவள் நான்தான்.

அது ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். இருட்டறையில் தாடையை அதன் வாயில் பொருத்தி உட்கார வேண்டும். ஒரு கண்ணுக்கு மூடி போட்டுவிடுவோம். நடுவில் எரிகிற மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னி மறையும். தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். அதற்கு வரிசை கிடையாது. நடுநடுவில் வெளிச்சமே காட்டாமல் சத்தம் மட்டும் போட்டு, அழுத்துகிறாரா என்று பார்க்கும். கண் ஓரத்துக்குத் திருட்டுத்தனமாகப் போனால் குறித்துக்கொள்ளும். மெஷினுக்குப் புருஷன் பெண்டாட்டி கிடையாது.

பட்டனை அவர் கையில் கொடுத்து ஓட விட்டேன். என் பக்கத்துத் திரையில் எந்தெந்த இடத்தில் வெளிச்சம் காட்டுகிறது என்பது தெரிந்துகொண்டே இருந்தது. மேலே காட்டியது. பட்டன் அழுத்துகிற சத்தமில்லை. ஓரத்தில் காட்டியது. சத்தமில்லை. கீழே, இடப்பக்கம், மறுபடியும் மேலே. அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலியா?"

ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "இதோ, இப்ப வரும்" என்றேன்.

பேப்பர் வெளியே வந்தது. இரண்டு கண்ணும் கன்னங்கரேலென்று இருந்தன. நடுவில் மட்டும் நெற்றிப் பொட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெளுப்பு. அந்த ஓட்டை வழியாகத்தான் அவர் இரண்டு வருடம் வேன் ஓட்டியிருக்கிறார். எழுத்துப் பலகையின் கடைசி வரியை அந்த ஓட்டை வழியாகத்தான் படித்திருக்கிறார்.

டாக்டர் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் அழுத்த நோய், சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி பக்கப் பார்வை பார்த்ததே இல்லையா? இவ்வளவு போயிருந்தா விரல்லயே தெரிஞ்சிருக்குமே. ரெண்டு வருஷம் முன்னாடி பிடிச்சிருந்தா இதைவிட மிச்சம் பண்ணியிருக்கலாம்."

"பார்த்தது இல்ல மேடம்" என்றேன்.

அந்த டாக்டருடைய கையெழுத்தேதான் அந்த ஃபாரத்தில் இருந்தது. அவருக்கு ஞாபகமில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த என் புருஷனுக்கு ஞாபகம் இருந்தது. அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் அவர் சொன்னார். "ஒன்ன நான் ஏமாத்திட்டேன். அன்னிக்கு ஃபாரத்துக்குப் பார்த்தியே, ஒரு வெரலும் தெரியல. பழைய வரிசைதான காட்டுவன்னு மனப்பாடமா சொல்லிகினே போனேன். வேல பூடுமேன்னு பயம். மன்னிச்சிடு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் செய்தது, அவர் கை மேல் கை வைத்து, "போகட்டும் விடுங்க" என்றது. மன்னித்துவிட்டேனாம். பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். சீ!

அதோடும் நிற்கவில்லை. வேலை போய் அவர் வீட்டில் உட்கார்ந்தபோது, வாய்ச்சண்டை வந்தால் அதை எடுத்து வீசினேன். "நீங்க பொய் சொன்னதாலதானே இந்தக் கதி?" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குக் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கும்.

அடிபட்ட பெண்ணைப் பார்க்க ஒரு பை ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை அவளுக்கு. வலது கையில் மாவுக்கட்டு. கேஸ் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இன்ன வியாதி என்று நான் விளக்கியதும் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளச் சொல்லி இன்னாக்கா பிரயோஜனம்? கண்ணு தெரியாதவர எவன் வண்டி ஓட்டச் சொல்லி எழுதிக் குட்த்தான்? அவனத்தான் கேக்கணும்" என்றாள்.

பையை வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் வர நேரமாகும், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அவள் அம்மா சொன்னார். குடித்தேன்.

அதன் பிறகு நான் ஒரு நாளும் வரிசையாக விரல் காட்டியதில்லை. ஸ்டாஃப் வீட்டு ஆள் யார் வந்தாலும் முதலில் டோக்கன் எடுக்கச் சொன்னேன். 'ரொம்பத்தான் அலட்டிக்கிறா' என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும். ஆனால் வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. வருடங்கள் ஓடின.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் ஃபாரத்தோடு வந்தார். கையை மூடி வைத்துக்கொண்டு, "எத்தனை?" என்றேன். "ரெண்டு" என்றார். மறுபடி மூடிய கை. "அஞ்சு" என்றார். எழுதுவதை நிறுத்தினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "மேடம், வயித்துல அடிச்சிடாதீங்க. ரெண்டு பொண்ணுங்க கீது" என்று கையைக் கூப்பினார். சிவப்பு மையில் எழுதி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் முறைத்துக்கொண்டே போனார். யாரோ ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் செய்ய முடிந்தது என்னால். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொட்டு விடுகிற நேரம். அவர் கட்டிலில் மல்லாக்கப் படுத்துக்கொள்வார். நான் குனிந்து இமையைக் கீழே இழுத்து ஒரு சொட்டு விடுவேன். பிறகு அவர் கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். வலது கண்ணுக்கு விட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஃபாரத்துக்குப் பார்த்தப்ப, கடைசியா அஞ்சுன்னு சொன்னீங்களே. அப்ப நான் விரலே காட்டல. கை மடியில இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"மூக்கையே பாருன்னு நீதான சொன்ன. பார்த்துகினு இருந்தேன். வேற எதுவும் தெரியல, உன் மூஞ்சி மட்டும் மூக்குத்தியோட நல்லாத் தெரிஞ்சுது. அஞ்சுன்னதும் திரும்பின. உன் மூஞ்சி அப்படியே செத்துப்போச்சு. அப்புறம் சிரிச்ச. எழுதின."

வாசற்படியில் ஊதச் சொன்னபோதும் அவருக்குத் தெரியும். மண்டபத்து வாசலில் சேமியாவை எடுத்துக்கொண்டு நின்றபோதும் தெரியும். குடிச்சிட்டு வண்டி எடுத்தியா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டபோதும் தெரியும்.

"அப்புறம் எதுக்கு பஸ்ல என்கிட்ட மன்னிப்பு கேட்டீங்க?"

விரலை மூக்கோரத்திலிருந்து எடுத்தார். கண்ணைத் திறந்து தேடி, என் முகம் கிடைத்ததும் நிறுத்தினார்.

"நான் சொன்னா நீயும் சொல்லுவன்னு பார்த்தேன்" என்றார்.

இடது கண்ணுக்கு இன்னும் சொட்டு விட வேண்டியிருந்தது. முதல் சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது.